ஒரு துளை கீழே

சமதரையில நிறுத்துங்க என்றார் சந்தியாகு.
கண்டனூர்ச் சாலையில் சமதரைக்கு எங்கே போவது?
புதுவயல் அரிசி ஆலையில், நெல் காயும் களத்தை
கணக்குப்பிள்ளையிடம் ஒரு மணி நேரம் கடன் வாங்கி
வண்டியையும் வீட்டையும் பூட்டியபடியே நிறுத்தினோம்.

தள்ளி நின்று பார்த்தபோதுதான் தெரிந்தது:
முப்பதடிச் சக்கர வீடு
முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கிறது,
சம்பந்தி வீட்டில் ஆறிய காபி கொடுத்தது போல.

பழைய பிக்கப் இருந்தவரை இந்தக் குணம் இல்லை.
புதியது உயரம். சாத்தப்பனுக்கு அந்த உயரத்தின் மேல்தான் ஆசை.
ஆறு மாதமாக
கரண்டிகள் டிராயரின் பின்மூலையில் போய் ஒளிந்தன.
ஃப்ரிட்ஜ் கதவு தானே திறந்து தயிரைக் கொட்டியது.
வேகத்தடைக்கு வேகத்தடை வால் உரசியது.
பின்சக்கரம் இரண்டும் தோசைக்கல்.
சொன்னேன்.
ரோடு சரியில்லை என்றார்.

இப்போது டேப்பின் ஒரு நுனி என்னிடம், மறுநுனி அவரிடம்.
தரையிலிருந்து முன்சட்டம் முப்பத்தாறே கால்.
பின்சட்டம் முப்பது.
இன்னொரு தடவை, என்றார்.
இன்னொரு தடவையும் முப்பது.

முதலில் கொக்கித் தகட்டை இரண்டு துளை இறக்கினார்கள்.
வீடு கொஞ்சம் பணிந்தது.
சந்தியாகு வண்டித் தொட்டியின் விளிம்புக்கும் வீட்டின் வயிற்றுக்கும் நடுவே
கையை நுழைத்துப் பார்த்தார்.
நாலு விரல்.
"கண்மாய்க் கரையில ஏறி எறங்குறப்ப
வீடு வண்டியக் கடிச்சிரும்மா."
ஒரு துளை மறுபடி மேலே.
"மூக்க எறக்குறது பாதி வேல.
மீதிக்கு இடுப்பத் தூக்கணும்."

இடுப்பு என்பது சட்டத்துக்கும் பட்டைக்கும் நடுவே
இரண்டரை அங்குலச் சதுரக் குழாய், இரு பக்கமும்.
மூன்று நாள். வெல்டிங். பணம் முன்னால் பாதி.

அந்த மூன்று இரவும் பெரிய வீட்டில் படுத்தோம்.
அதில் எங்களுக்குப் பதினெட்டில் ஒன்று:
வளவின் மேற்கே ஓர் அறை, உள்ளே பாதி
யாருடையதோ அண்டாக்கள்.
விளக்குக்கான கரண்ட் பில்லில் மட்டும்
எல்லோரும் சரிபங்கு.
இதனால்தான் சக்கரம் வைத்த வீடு வாங்கினோம்
என்று யாரிடமும் சொன்னதில்லை.

தூக்கம் வரவில்லை.
சந்தியாகுவின் ரசமட்டம் என் பையிலேயே வந்துவிட்டிருந்தது.
வளவுத் தரையில் வைத்தேன், கைபேசி வெளிச்சத்தில்.
குமிழி தயங்கியது. பிறகு
நேராகக் கிழக்கே ஓடியது,
மூத்தவர் அறை இருக்கும் பக்கம்.
குமிழி உயரத்தைத்தான் தேடும்.

சாத்தப்பனை எழுப்பிக் காட்டினேன்.
முற்றத்துக்குத் தண்ணீர் ஓட அப்படித்தான் போடுவார்கள் என்று சொல்லிவிட்டு
படுத்தார்.
முற்றம் அந்தப் பக்கம் இல்லை.
கொஞ்ச நேரம் கழித்து, இருட்டிலிருந்து,
"எவ்வளவு?" என்றார்.

நான்காம் நாள் அதே களம்.
நெல் பரப்பியிருந்ததால் ஓர் ஓரம் மட்டும் கிடைத்தது.
முன்னால் முப்பத்தைந்து.
பின்னால் முப்பத்தைந்து.
வீட்டுக்குள் ஏறி அடுப்பின் மேல் ரசமட்டத்தை வைத்தேன்.
குமிழி இரண்டு கோட்டுக்கு நடுவே நின்று
எங்கேயும் போக மாட்டேன் என்றது.
அதைத் திருப்பிக் கொடுத்தபோது சந்தியாகு
தேடிக்கிட்டிருந்தேன் என்றார், வேறெதுவும் கேட்கவில்லை.

கோட்டையூர் வேகத்தடையில்
நாங்கள் இருவரும் மூச்சைப் பிடித்தோம்.
உரசல் இல்லை.
அரியக்குடி தாண்டி நிறுத்திச் சக்கரங்களைத் தொட்டுப் பார்த்தோம்,
நான் இடப்பக்கம், அவர் வலப்பக்கம்,
காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொடுவது போல.
நான்கும் ஒரே சூடு.

ஃப்ரிட்ஜ் கதவு மட்டும் திறந்து கிடந்தது.
அது கீல் கோளாறாம்.
உயரத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லையாம்.